பவுடர் பூசிய கார்

எங்கள் வீட்டில் காரை யாரும் காராகப் பார்த்ததில்லை, மூஞ்சியாகத்தான் பார்த்தோம். முன்விளக்கு இரண்டும் கண். நடுவில் இருக்கிற கம்பி வலை வாய். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியையும் என் மாமா சிரித்த மூஞ்சி, தூங்குமூஞ்சி, உம்மணாமூஞ்சி என்று பிரித்து வைத்திருந்தார். புதிதாக வருகிற பெரிய வண்டிகளெல்லாம் உம்மணாமூஞ்சிகளாக மாறிக்கொண்டிருந்த சமயம் அது. மாமாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. “வூட்ல இருக்கறவங்க மூஞ்சி காட்றது பத்தாதுன்னு வண்டி வேற காட்டணுமா?” என்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எண்ணூர் துறைமுகத்தில் கார் ஓட்டுகிற வேலை. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய புதுக் கார்கள் தொழிற்சாலைகளிலிருந்து நீள நீள லாரிகளில் வந்து துறைமுகத் திடலில் வரிசையாக நிற்கும். கப்பல் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் நிறுத்திவிட்டு வரவேண்டும். ஓட்டியவர்களை ஒரு வேன் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி திடலில் விடும். மறுபடி அடுத்த கார். தெருவில் எல்லோரும் அவரைப் பெரிய டிரைவர் என்று நினைத்தார்கள், நானும்தான். அவர் எந்தப் புதுக் காரையும் இரண்டாவது கியருக்கு மேல் ஓட்டியதே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

அதற்கு முன் மணலிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் இருந்தார். பட்டறையை மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து மாதத்தில் அவர் யாரையும் கேலி செய்யவில்லை. அம்மா இரண்டாவது கரண்டி சோறு போட வந்தால் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார். அதனால்தான் துறைமுகத்து கேட் பாஸ் வந்த அன்று அம்மா அந்த அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். கயிற்றில் கோத்த அந்த அட்டையை மாமா தூங்கும்போதுகூடக் கைக்கெட்டுகிற ஆணியில்தான் மாட்டுவார்.

அந்த வேலையில் கட்டுப்பாடுகள் அதிகம். பெல்ட் கூடாது, வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது, சட்டையில் இரும்புப் பட்டன் கூடாது. புது வண்டியில் கீறல் விழுந்துவிடும். செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே பார்த்ததை வெளியே பேசக் கூடாது. மாமா இதையெல்லாம் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார். ஆனால் வீடு ‘வெளியே’ கணக்கில் வராது என்பது அவர் கட்சி.

அவருக்குத் தெருமுனை டீக்கடையில் நல்ல மரியாதை இருந்தது. அங்கே ஒரு கார் பைத்தியக் கூட்டம் உண்டு. என் அப்பா அதில் ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இன்னொருவர் தண்டையார்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய். மூன்றாமவர் காசிமேட்டிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிற அண்ணன். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். ‘நாலு சக்கரம்’ என்று வாட்ஸப்பில் ஒரு குழு வேறு வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தரிடம்கூடச் சொந்தக் கார் கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் எல்லாக் காரைப் பற்றியும் உறுதியான அபிப்பிராயம் இருந்தது.

எந்தப் புது வண்டி பேச்சு வந்தாலும் அப்பாவுக்கு ஒரே கவலைதான். “மழைத் தண்ணில நம்ம தெருவுக்குள்ள வந்து சேருமா?” தரையிலிருந்து எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதை வைத்தே அவர் மார்க் போடுவார். மீன் வண்டி அண்ணன் பேப்பரில் வந்த படத்தை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக்கியில் எத்தனை கூடை பிடிக்கும் என்று கேட்பார். விலை உயர்ந்த காரானாலும் அதே கேள்விதான். பாய்க்கு அழகெல்லாம் ஒரு பொருட்டில்லை, விற்பனைதான் பேச்சு. எந்தக் கம்பெனி முந்துகிறது, எது படுத்துவிட்டது என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான். “பேப்பர்ல வர்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். உடைஞ்ச சைடு கண்ணாடிக்கு எவன் எவன் கடைக்கு வரான்னு பாத்துகினே இருந்தா போதும்” என்பார். இத்தனை பேரும் முட்டி மோதிக் களைத்த பிறகு கடைசியில் மாமாவைப் பார்ப்பார்கள். அவர் டீயை உறிஞ்சிவிட்டு, “உக்காந்து பாத்தவன் சொல்றேன்” என்று ஆரம்பிப்பார். அத்துடன் வழக்கு முடிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. டைபாய்டு வந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தேன். கஞ்சியைப் பார்த்தாலே குமட்டும். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், மூக்கைப் பிடித்து ஊற்றியும் பார்த்தாள். நான் அவள் புடவை மேலேயே துப்பினேன். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாமா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு ஒரு வண்டி ஓட்டனேன் பாப்பா. உலகத்துல யாரும் பாக்காத வண்டி. துணி போட்டு மூடி எட்த்துகினு வந்தானுங்க. துணியக் கழட்டுனாத்தான ஓட்ட முடியும்? பாத்துட்டேன். ஒரு ஸ்பூனுக்கு ஒரு சமாச்சாரம் சொல்றேன், வேணுமா?”

வேணும் என்றேன். முதல் ஸ்பூனுக்குக் கண் வந்தது. மை இழுத்து வைத்த மாதிரி காது வரைக்கும் போகிற கண். இரண்டாவது ஸ்பூனுக்கு வாய். விசிலடிக்கிற மாதிரி சின்னதாகக் குவிந்த வாய். அடுத்த ஸ்பூனுக்குப் பின்பக்கத்து விளக்கு. தேள் கொடுக்கு மாதிரி வளைந்து மேலே ஏறுகிறதாம். கதவில் ஒரு மடிப்பு, கூரை பின்னால் போகப் போகச் சரிவு என்று கிண்ணம் காலியாகக் காலியாகக் கார் முழுசாகிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு ஸ்பூனுக்கு நான்தான் அடம் பிடித்துக் கலர் கேட்டேன்.

“ப்ளூ. நல்ல ப்ளூ. ஆனா பானெட்டு மேல மட்டும் வெள்ளையா கீது. குளிப்பாட்டிட்டு மூஞ்சில பவுடர் அப்பி உட்ட மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தலையைத் தட்டிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லிடாத. இது இன்னும் வெளிய வரல” என்றார். எனக்கு ஓட்டைவாய் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர். அதனால் சத்தியம் செய்து கொடுத்தேன், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து வரைந்தேன். சொல்வதுதான் குற்றம், வரைவது சொல்வதில்லை என்பது என் கட்சி.

எனக்கு வரைய வரும். இதில் தன்னடக்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது, நன்றாகவே வரும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பன்னிரண்டு கலர் கிரேயான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாமா சொன்ன ஒவ்வொரு உறுப்பையும் வைத்தேன். மற்ற வண்டிகளையெல்லாம் ரோட்டில் பார்த்து வரைந்திருக்கிறேன். இதை மாமாவின் வாய் வழியாக மட்டும்தான் பார்த்தேன். அதனால் அவர் சொன்னதைத் தாண்டி ஒரு கோடு போடவில்லை. வண்டி முழுக்க நீலம் தேய்த்துவிட்டு பானெட்டில் மட்டும் ஓரங்களில் ஒரு விரல் விட்டு நடுவில் வெள்ளையாகவே நிறுத்தினேன். டிராயிங் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கீழே என் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதினேன். திருடன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

அப்பா அதைப் பார்த்தார். மகள் வரைந்தது என்ற பெருமை தாங்கவில்லை அவருக்கு. செல்போனில் படமெடுத்து, ‘எங்க பாப்பா வரைஞ்சது. இந்த வண்டி இன்னும் மார்க்கெட்டுக்கே வரல’ என்று எழுதி நாலு சக்கரத்தில் போட்டுவிட்டார். அவர் போட்டதைப் பாய் தன் கடைக்காரர்கள் குழுவில் போட்டார். அங்கிருந்து அது எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போனதோ.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அப்பா என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய மனுஷிக்குச் செய்வது மாதிரி பெஞ்சில் இடம் விட்டார்கள். என் படத்தைப் பற்றித்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதுவும் பானெட்டைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு வெள்ளை பானெட் பிடிக்கவில்லை. பெயிண்ட்டை மிச்சம் பிடிக்கிறான் என்றார். மீன் வண்டி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணாத்த, வெள்ளையில வெயில் ஏறாது. என்ஜின் கூலா கீறதுக்கோசரம் போட்டுகிறான். மூளை உள்ளவன் பண்ண வேலை இது” என்றார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். போட்டிக் கம்பெனிக்காரன் கூரைக்குத் தனிக் கலர் அடித்து விற்றுக்கொண்டிருக்கிறான், அதற்குப் பதிலடியாக இவன் பானெட்டுக்குத் தனிக் கலர் அடிக்கிறான் என்று கண்டுபிடித்தார். விற்கும், ஆனால் முன்னால் இடித்தவனுக்கு வெள்ளை பானெட்டுக்குத் தான் எங்கே போவது என்று இப்போதே கவலைப்பட்டார். வேறு ஊர்க் குழுக்களிலும் இதே சண்டைதான் என்று போனைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வெள்ளையாக விட்ட இடத்துக்காகப் பெரியவர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

அப்போது மாமா வேலையிலிருந்து வந்தார். பாய் போனை நீட்டி, “நீ சொல்லு நைனா, வெள்ளை பானெட்டு எடுபடுமா?” என்று கேட்டார்.

மாமா போனையே பார்த்தார். அவர் முகம் இப்படி ஆனதை நான் அந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. பிறகு என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “இதெல்லாம் ஒரு வண்டியா? டுபாக்கூரு. கொயந்த இன்னாத்தையோ கிறுக்கிக்கீது, அதப் போய் பேசிகினு. கண்ணு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கலீஜா கீது” என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

கலீஜ். என் படத்தை. அவர் சொன்னதைச் சொன்னபடி வரைந்ததற்கு. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். அப்பா பன் வாங்கிக் கொடுத்தார், நான் அதைத் தரையில் போட்டேன். வீட்டுக்கு வந்து மாமாவோடு டூ விட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அம்மாவும் அவரும் வெளியே குழாயடியில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை மாமா மத்தியானமே திரும்பி வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. படம் சுற்றிச் சுற்றித் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சூபர்வைசர் கேட்டில் எல்லோரையும் நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்டிருக்கிறார். வரைகிற குழந்தை இவர் வீட்டில்தான் இருக்கிறது என்று கூட ஓட்டுகிற ஒருவர் சொல்லிவிட்டார். ‘நானே வீட்டுக்கு வந்து விசாரிக்கிறேன், அதுவரைக்கும் பாஸ் என்கிட்ட இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டாராம். இதை மாமா சொல்லும்போது அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்று மாமாவின் தட்டில் அம்மா சோறு போட வந்தபோது அவர் கை தட்டுக்கு மேலே போயிற்று. அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போட்டாள்.

பாஸ் போய்விடும் என்பது எனக்கும் புரிந்தது. என் படத்தால் போகிறது என்பதும் புரிந்தது. படத்தில் என்ன தப்பு என்பதுதான் புரியவில்லை. கண்ணும் வாயும் எந்த வண்டியில் இல்லை?

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் பைக் வந்து நின்றது. எங்கள் வீடு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, அதன் மேலே அலமாரி. அலமாரியில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் கிரேயான் டப்பாவும் இருக்கும், என் தம்பிக்கு எட்டக் கூடாதென்று. சூபர்வைசர் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா டீ போடப் போனாள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்தவர் அதட்டுகிற ஆள் இல்லை. சின்ன வயது, தெற்குப் பக்கத்துத் தமிழ், வியர்த்துப் போயிருந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டுப் போனில் படத்தைக் காட்டினார்.

“நீதான் வரைஞ்சியாம்மா? ரொம்ப நல்லாருக்கே.”

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

“மத்ததெல்லாம் சரி. கண்ணு, விளக்கு எல்லாம் யார் வேணும்னாலும் கற்பனை பண்ணலாம். இந்த முன்பக்கம் மட்டும் ஏன் வெள்ளையா விட்ட?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, “ப்ளூ கலர் தீந்துபோச்சு சார். புதுசு வாங்கித் தரேன்னு சொல்லிகினே கீறேன்” என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மாமா என் படத்தைக் கலீஜ் என்றார். இப்போது அம்மா, நான் வேண்டுமென்றே வெள்ளையாக விட்டதைக் கலர் பஞ்சம் என்கிறாள். அதுவும் என் படத்தை மெச்சிய ஒரே மனிதருக்கு முன்னால். “தீரல” என்று கத்திவிட்டு ஓடி, ஸ்டூல் மேல் ஏறி டப்பாவை எடுத்தேன். மாமா எழுந்தேவிட்டார். அப்பா ‘பாப்பா’ என்று என்னைப் பிடிக்க வந்தார். நான் அவர் கைக்கு அகப்படாமல் சூபர்வைசர் மடியில் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தேன்.

பச்சை இருந்தது. பக்கத்தில் கத்தரிப்பூ கலர் இருந்தது. நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு காலிப் பள்ளம். நீலம் இல்லை.

எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் திருடன் ஒருத்தன்தான். ஆறு வயது, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். “நீதான எட்த்த? எப்பவும் நீதான எட்த்துகினு போவ?” என்று பாய்ந்து அவன் முழங்கையில் கடித்தேன். அவன் வீடே அதிரக் கத்தினான். அவன் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தேடினேன். இல்லை. நானும் தரையில் உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதேன். பிழைப்பே போன மாதிரி அழுதேன்.

“இதான் சார் தினம் பேஜாரு. இவன் எட்த்து ஒளிச்சு வச்சிருவான், இவ பாதில உட்ருவா” என்றபடி அம்மா டீயை நீட்டினாள். ஒற்றைக் கையால். பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால்தான் கொடுக்க வேண்டும் என்று என்னை ஆயிரம் தடவை அதட்டியவள் அவள். இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

சூபர்வைசர் காலிப் பள்ளத்தைப் பார்த்தார், கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டார். அவருடைய ஷிப்டில்தான் விஷயம் வெளியே போயிற்று என்றால் அவருடைய அட்டையும் போயிருக்கும் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? டீயை முழுசாகக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து மாமாவின் பாஸை எடுத்து நாற்காலி மேல் வைத்தார். “நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு வந்துடுங்க. குழந்தைக்கு முதல்ல கலர் வாங்கிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பைக் சத்தம் தெருமுனையில் திரும்பியதும் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்து முத்தம் கொடுக்க வந்தார். நான் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். என் நீல கிரேயான் காணாமல் போயிருக்கிறது, நான் அழுகிறேன், ஒரு வீடே சேர்ந்து கெக்கெக்கே என்று சிரிக்கிறது. இவர்களெல்லாம் மனிதர்கள்தானா என்று நினைத்தேன்.

அம்மா சாப்பாடு போட்டபோது அவள் உள்ளங்கை நீலமாக இருந்தது. ரேகையெல்லாம் நீலம். என்னவென்று கேட்டேன். துணிக்குச் சொட்டு நீலம் போட்டேன் என்றாள். கொடியில் துணி எதுவும் இல்லை, ஆனால் எனக்கு அதையெல்லாம் யோசிக்கிற மனநிலை இல்லை. தம்பிக்கு அன்று மீன் வறுவலில் பெரிய துண்டாக வைத்தாள். திருடனுக்குப் பரிசு வேறா என்று அதற்கும் ஒரு மூச்சு அழுதேன்.

அடுத்த வாரம் சூபர்வைசர் கொடுத்தனுப்பினார் என்று மாமா இருபத்துநாலு கலர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நீலமே மூன்று விதம் இருந்தது. நான் டூவை விலக்கிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் எனக்கு எந்தப் புது வண்டியையும் சொன்னதில்லை. கேட்டால் ரோட்டில் போகிறதைக் காட்டி, இதை வரை என்பார்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கார் நம் ஊரிலும் விற்பனைக்கு வந்தது. மை இழுத்த கண், விசிலடிக்கிற வாய், தேள் கொடுக்கு, எல்லாம் அச்சாக நான் வரைந்தபடியே. பானெட் மட்டும் நீலம். டீக்கடையில் பெரிய ஏமாற்றம். டுபாக்கூர் என்று சொன்ன மாமாவை எல்லோரும் வறுத்தெடுத்தார்கள். உக்காந்து பாத்தவன் சொல்றேன் என்று அவர் அதற்குப் பிறகு ஆரம்பித்தால் மீன் வண்டி அண்ணன் சிரித்துவிடுவார். வண்டியும் பெரிதாக ஓடவில்லை. சைடு கண்ணாடி கேட்டு ஒருத்தனும் வரவில்லை என்று பாய் அறிவித்தார். வெள்ளை பானெட்டை எடுத்ததால்தான் படுத்துவிட்டது என்பது எங்கள் தெருவின் முடிவு. இன்றைக்கும் அந்த முடிவில் மாற்றமில்லை.

“நீதான் தப்பா சொன்ன, வெள்ளை எங்க?” என்று மாமாவைக் கேட்டேன்.

“ஆமா பாப்பா. தப்பா சொல்லிட்டேன்” என்றார். பெரிய மனசு பண்ணி நான் அவரை மன்னித்தேன்.

போன மாதம் மாமா தனக்கென்று ஒரு கார் வாங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய கார்களை வரிசையாக நிறுத்தினால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நிற்கும். சொந்தமாக வாங்கியது இது ஒன்றுதான். சிரித்த மூஞ்சிக் கார், நீலக் கலர். வண்டியை எடுக்க வீட்டோடு ஷோரூமுக்குப் போனோம். நல்ல நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் பின்பக்கக் கொட்டகையில் அப்போதுதான் அதைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் கண்முன்னே ஒரு பையன் பானெட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டியிருந்த வெள்ளைத் தாள் ஒரு பெரிய போர்வை மாதிரி உரிந்து வந்தது. ஓரங்களில் ஒரு விரல் விட்டு ஒட்டியிருந்தது. கீழே பளபளவென்று நீலம்.

கப்பலேறப் போகிற வண்டிகளெல்லாம் இப்படித்தானா நிற்கும் என்று மாமாவைக் கேட்டேன். ஆமாம், எல்லாம் பவுடர் பூசிக்கொண்டுதான் என்றார். திடலுக்குள் நின்று பார்த்தவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதது அது. டீக்கடை முழுக்கச் சண்டை போட்டும் யாருக்கும் தெரியவில்லை. சூபர்வைசருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

என் தம்பி சட்டைக் கையை மேலே தள்ளினான். கல்லூரிக்குப் போகிற பையன், முழங்கையில் இன்னும் இரண்டு பல் தழும்பு. “இப்பவாவது நம்பறியா? நான் எடுக்கல” என்றான்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தப் பையனிடம், உரித்த தாளைக் கிழிக்காமல் மடித்துக் கொடுக்க முடியுமா, அலமாரிக்குப் போட ஆகும் என்று மும்முரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

கொதிக்கிற டீ ஒரு கையில், மறு கையில் ஒளித்த கிரேயானின் மெழுகு உருகி ரேகைக்குள் இறங்க, அவள் அன்று எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்த வீட்டில் எல்லோரும் என் கிரேயானைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அன்று சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.